பழுதில்லாத துவக்கு

இஞ்சாருங்கோ,

நான் இப்படிக் கூப்பிட்டால், “ஓம், சொல்லும்” என்று பேப்பரை மடித்து மடியில் வைப்பீர்கள். இன்றைக்கும் ஒருமுறை மடித்து வையுங்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்ல இருக்கிறது.

ஒவ்வொரு ஐப்பசியிலும் இந்தப் பத்திரிகையில் உங்கள் படம் வரும். அதன் கீழே நாலு வரிப் பாட்டு. செத்தவர்கள் எல்லாருக்கும் அதே பாட்டுத்தான், பெயரை மட்டும் மாற்றுவார்கள். இந்த வருடம் பாட்டு வேண்டாம் என்றேன். “அப்ப படத்துக்குக் கீழ இடம் வெறுமையாக் கிடக்குமே அன்ரி” என்றார் ஆசிரியர். “ஒரு பக்கம் விடும், நான் நிரப்பித் தாறன்” என்றேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களைச் சுடச் சொன்னவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். மகள் சாந்தினியும் நானும் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் இருக்கிற அப்பார்ட்மென்டுக்கு, பட்டப்பகலில், மரக்கறிக்கடைப் பையோடு வந்தான். பைக்குள் பழைய ரிவோல்வர் ஒன்று. அது நல்லதா பழுதா என்று என்னிடம் கேட்க வந்தான்.

என்னிடம் ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் துவக்கு லைசன்ஸ் பார்த்தவர். ஊரிலுள்ள துவக்குகள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை உங்கள் மேசைக்கு வந்து போகும். நானோ கன்னியர் மடத்தில் படித்தவள். துவக்கெண்ணெய் மணத்தோடு நீங்கள் சோற்றில் கை வைத்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் ஒரு பிழையைக் கண்டால் அதைத் திருத்தாமல் எனக்கு நித்திரை வராது. அது உங்களுக்குத் தெரியும்.

இங்கே வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துப் பழம்பொருள் சந்தைக்குப் போகத் தொடங்கினேன். பீங்கான் பார்க்கத்தான் போனேன். ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவரின் கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள் ஊரில் வீட்டில் வைத்திருந்த ரிவோல்வரைப் போலவே ஒன்று கிடந்தது. அதே ஐந்து அறை உருளை, அதே ரிம்ஃபயர் வகை. அதாவது தோட்டாவின் நடுவில் அடிக்காமல் அதன் அடிவிளிம்பில் அடித்து வெடிக்க வைக்கிற பழைய வகை. அந்த அளவுத் தோட்டா இப்போது கடைகளில் கிடைப்பதில்லை என்பதால், இந்த நாட்டுச் சட்டம் அதைப் பழம்பொருளாகவே எண்ணுகிறது. யாரும் வாங்கலாம்.

விலைச் சீட்டில் ‘அசல் நிக்கல் பூச்சு’ என்று எழுதியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, இது பிறகு பூசியது. எழுத்துகளின் ஓரம் உருகிப் போயிருக்கிறது. ஆணித்துளைகள் கிண்ணம் போலக் குழிந்திருக்கின்றன. துருப்பிடித்த குழியின் மேலேயே நிக்கல் ஏறியிருக்கிறது. அசல் பூச்சென்றால் துரு அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கும்” என்று மடத்தில் படித்த ஆங்கிலத்தில் சொன்னேன். கிழவர் என் சேலையையும் குளிர்ச்சட்டையையும் பார்த்தார். பிறகு சீட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். அடுத்த ஞாயிறு மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை இருந்தது.

அந்த ரிவோல்வரை நானே வாங்கினேன். சாந்தினிக்குக் கோபம். “அம்மா, உங்களுக்கு விசரோ? அப்பாவைக் கொன்றது உந்தச் சாமான். அதைக் காசு குடுத்து வாங்குறியள்” என்றாள்.

“அப்பா சொன்னது சரியோ எண்டு பாக்க வாங்கினனான்.”

நூலகத்தில் இருந்த துவக்குப் புத்தகங்களை எல்லாம் படித்தேன். நீங்கள் சாப்பாட்டு மேசையில் சொன்னவற்றில் ஒன்றுகூடப் பிழையில்லை. குழலிலும் உருளையிலும் உடலிலும் உள்ள இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். குதிரையை, அதுதான் தோட்டாவை அடிக்கிற சுத்தியலை, பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு உருளையை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆணித்தலை சிதைந்திருந்தால் யாரோ தெரியாதவன் கழற்றியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, ரிம்ஃபயரைத் தோட்டா போடாமல் வெறுமையாக அடிக்கக்கூடாது. அடித்தால் குதிரையின் மூக்கு அறையின் விளிம்பை நசுக்கிவிடும். பழைய துவக்குகளை விலை மதிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருகிறார்கள்; அந்த நசுங்கலைக் கண்டால் விலையில் பாதியைத் தயங்காமல் வெட்டிவிடுகிறேன். இப்போது ஸ்காபரோவில் எனக்குப் பட்டப்பெயர் ‘துவக்கு அன்ரி’. சிரிக்காதேயுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் அன்றைக்கு நடந்தது தெரிய வேண்டும். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு வீடாகத் துவக்குச் சேர்த்த காலம் அது. எந்த இயக்கம் என்று எழுதவில்லை. அப்போது பல இருந்தன. நாலு பேர் ஒரு வான் வண்டியில் வந்தார்கள். நீங்கள் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல் ரிவோல்வரை எடுத்துக் கொடுத்தீர்கள். மடிப்புக் குலையாத சேட்டுப் போட்ட பொறுப்பாளன் அதை வாங்கி, எங்கள் விறாந்தையில் நின்று வெறுமையாக மூன்று தரம் அடித்தான். துவக்கைக் காதோடு சாய்த்துப் பிடித்து, சத்தத்தை ரசித்து ரசித்து அடித்தான்.

“தம்பி, வெறுமன அடியாதையும், விளிம்பு நசியும்” என்றீர்கள். “உதுக்குரிய தோட்டா இப்ப உலகத்தில ஒருத்தரும் செய்யிறேல்லை. சின்னத் தோட்டாவை எதையாவது சுத்தித் திணிச்சுச் சுடப் பாக்காதையுங்கோ. பித்தளை கிழிஞ்சு பின்னால வரும். கண் போகும்.”

“ஐயாவுக்குத் துவக்கில ஆசை விடேல்லைப் போல” என்று அவன் சொல்ல, மற்ற மூவரும் சிரித்தார்கள்.

அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே திரும்பி வந்தார்கள். ரிவோல்வர் பின்னால் வெடித்து ஒரு பொடியனின் கண் போய்விட்டதாம். நீங்கள் அதை வேண்டுமென்றே பழுதாக்கிக் கொடுத்தீர்களாம். சாப்பிட்டுக்கொண்டிருந்த உங்களைத் தலைமயிரில் பிடித்து இழுத்தார்கள். முன்பு சொன்னதையே மறுபடியும் சொல்ல வாய் திறந்தீர்கள். துவக்குப் பிடியால் வாயில் அடித்தார்கள். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு உங்களுக்குச் சொல்ல வாயே இருக்கவில்லை.

சந்தியில் விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். சேட்டு மடிப்புக் குலையாதவன் கையைக் காட்டினான், மற்றவன் சுட்டான். கழுத்தில் ‘துரோகி’ என்று எழுதிய மட்டையைத் தொங்கவிட்டுப் போனார்கள். சந்தியில் அத்தனை கடைகள் இருந்தன. கயிற்றை வெட்ட ஒருவரும் கத்தி தரவில்லை. நான் பல்லால் கடித்து அறுத்தேன். என் முன்பல் ஒன்று அங்கேதான் உடைந்தது. உங்கள் உடம்பு என் மேல் சரிந்தபோது சூடாகவே இருந்தது.

அந்த மட்டையை நான் கிழித்து எறிந்தேன். ஆனால் அதிலிருந்த சொல் எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது. சாந்தினியைப் பெண் கேட்டு வந்த இரண்டு வீட்டாரும் ஊரில் விசாரித்தார்கள். பிறகு வரவில்லை. காரணத்தை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சாதகக் குறிப்புப் பொருந்தவில்லை என்பார்கள்.

இனி அவன் வந்த கதை.

கதவைத் திறந்தபோது எனக்கு அவனைத் தெரியவில்லை. வயிறு வைத்திருந்தான், தலைமயிர் கொட்டியிருந்தது. மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் வீடியோக்கடை வைத்திருக்கிறானாம்.

“அன்ரிதானே துவக்குப் பாக்கிற அன்ரி?”

“ஓம். இரும். என்ன விசயம்?”

“கடையில பெரிய கரைச்சல் அன்ரி. பொடியள் வாளோட வந்து கண்ணாடி முழுக்க உடைச்சுப் போட்டாங்கள். மச்சானுக்கு முதுகு முழுக்கத் தையல். பொலிசுக்குப் போனால் அடுத்தது நான்தானாம். லைசன்ஸ் இல்லாம வாங்கக் கூடியது உதுதான் எண்டாங்கள். வாங்கிப் போட்டன். ஏமாத்திப் போட்டாங்களோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

தேத்தண்ணி வைக்க எழுந்தேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. டிக். டிக். டிக்.

திரும்பிப் பார்த்தேன். ரிவோல்வரைக் காதோடு சாய்த்துப் பிடித்து, வெறுமையாக அடித்துக்கொண்டிருந்தான். மூன்று அடிக்குப் பிறகு தலையைக் கொஞ்சம் சரித்து, கண்ணை மூடித் திறந்தான். முகம் மாறியிருந்தது. எங்கள் விறாந்தையில் நின்று அடித்த அந்தக் கை மாறவில்லை.

“வெறுமன அடியாதையும், விளிம்பு நசியும்” என்றேன். உங்கள் சொற்கள்தான் என் வாயிலிருந்து வந்தன. அவன் அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கும் என் முகத்தை அவன் பார்த்தவனல்ல, துவக்கை மட்டுமே பார்த்தவன். உங்கள் படம் சாமி அறைக்குள் இருந்தது.

தேத்தண்ணியை வைத்துவிட்டு ரிவோல்வரை வாங்கினேன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இலக்கங்கள் மூன்றும் ஒத்துப் போயின. நிக்கல் அசல். குழல் வாயில் மட்டும் உரிய விதத்தில் உரிந்திருந்தது. உருளை அசையவில்லை. அவன் அடித்த அடியின் புதுத் தழும்புகளைத் தவிர விளிம்பில் வேறொன்றும் இல்லை. இந்த ஊரில் என் கைக்கு வந்தவற்றுள் அதுதான் மிக நல்லது.

“தோட்டாவுக்கு என்ன செய்யப் போறீர்?” என்று கேட்டேன்.

“அதுக்கு வழி இருக்கு.” பையிலிருந்து சிறிய தோட்டாக்களை எடுத்து மேசையில் வைத்தான். ஒவ்வொன்றையும் ஈயத் தகட்டால் இறுக்கிச் சுற்றியிருந்தான். “ஊரில ஒருக்கா உப்பிடிச் செய்தனாங்கள்.”

“செய்து?”

“அது சரிவரேல்லை. அந்தத் துவக்கை ஒரு கச்சேரி ஆள் பழுதாக்கித் தந்திட்டான். எங்கட பொடியன் ஒருத்தன்ர கண் போச்சு. பாவம், பிறகு சண்டையில செத்தும் போனான்.”

“கச்சேரி ஆள்?”

“அவருக்கு உரிய தண்டனை குடுத்தது அன்ரி.” தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தான். “உது பழுதில்லையே? அதை மட்டும் சொல்லுங்கோ.”

இஞ்சாருங்கோ, அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவன் கண்ணை நினைத்தேன். எந்தக் கண் என்றுகூடத் தெரிந்தெடுத்தேன். அவன் கேட்ட கேள்விக்கு ‘பழுதில்லை’ என்று சொன்னால் போதும். அது பொய்யுமில்லை. மடத்துச் சிஸ்டர்மார் என்னைப் பிழை பிடிக்க முடியாது. அவன் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போவான், வாளோடு வருகிறவனுக்கு நேரே நீட்டுவான், விசையை இழுப்பான். பித்தளை கிழிந்து அவன் முகத்துக்குள் போகும். குருடாகி நிலத்தில் கிடப்பவனை வாள்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் வீட்டில் இருந்து அரிசி கழுவிக்கொண்டிருக்கலாம்.

அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்தது.

ஏன் விழுங்கினேன் என்று கேளுங்கள். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண் போனால் அவன் என்ன சொல்வான்? துவக்கு அன்ரியும் பழுதான துவக்கை நல்லதெண்டு சொல்லி ஏமாத்திப் போட்டா என்பான். யாருடைய பெண்சாதி என்று விசாரிப்பார்கள். புருசனைப் போலத்தான் பெண்சாதியும் என்பார்கள். நீங்கள் இரண்டாவது தரம் துரோகி ஆவீர்கள், அதுவும் என் கையால்.

“உது பழுதில்லை. திறம் துவக்கு” என்றேன். “நீர் சுத்தி வச்சிருக்கிறதுதான் பிழை. நம்பாட்டில் வாரும், வெடிக்க வச்சுப் பாப்பம். ஆனால் கையில பிடிக்கிறேல்லை.”

சிரித்தான். “அன்ரிக்குப் பயமில்லையோ?”

“எனக்கு வயது போட்டுது. கண் உமக்கெல்லோ வேணும்.”

அந்தச் சனிக்கிழமை ஸ்டீல்ஸ் தெருவுக்கு வடக்கே, அவனுக்குத் தெரிந்த ஒருவரின் தோட்டத்துக்குப் போனோம். சாந்தினிதான் கார் ஓட்டினாள். ஆள் யாரென்று அவளிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தெருவிலேயே காரை அவன் மேல் ஏற்றியிருப்பாள். தோட்டம் முழுக்கப் பெரிய மஞ்சள் பூசணிக்காய்கள் கிடந்தன, இங்கே ஐப்பசியில் முகம் வெட்டி விளக்கு வைப்பார்களே, அவை. கொட்டிலில் இருந்த பட்டறைக் கிடுக்கியில் ரிவோல்வரை இறுக்கினான். அதற்குப் பின்னால், சுடுகிறவன் முகம் வருமிடத்தில், நான் ஒரு பூசணிக்காயை வைத்தேன். விசையில் நூல் கட்டி, வெளியே மதிலுக்குப் பின்னால் நின்று இழுத்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. உள்ளே போய்ப் பார்த்தோம். ஈயமும் குண்டும் குழலுக்குள் பாதி வழியில் சிக்கியிருந்தன. பூசணிக்காயின் மேல்பாதி கிழிந்து, விதையும் சதையும் சுவரெல்லாம் தெறித்து வழிந்தன. பித்தளைத் துண்டொன்று உள்ளே போன ஓட்டைக்குள் அவன் சுட்டுவிரலை விட்டான். விரல் முழுவதும் போயிற்று.

“துவக்கு நீரே பாத்து வாங்கினது” என்றேன். “என்ர மனிசன் உதைத் தொடேல்லை.”

“எந்த மனிசன்?”

“கச்சேரி ஆள்.”

விரலை எடுக்காமலே என் முகத்தைப் பார்த்தான். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். பிறகு பூசணிச் சதைக்குள்ளேயே குந்திவிட்டான்.

“சுத்தினது நான்தான் அன்ரி” என்றான். “ஐயா வேண்டாம் எண்டு சொன்னவர். எனக்கு விளங்கினது. எண்டாலும் சுடுமோ எண்டு பாக்க ஆசை. பொடியன்ர கண் போனவுடன மேலிடம் என்னைக் கேட்டுது. நான் அவரைச் சொல்லிப் போட்டன். சொல்லிச் சொல்லிப் பேந்து நானே நம்பியும் போட்டன்.”

வாசலில் சாந்தினி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. “அம்மா, இவரா?” என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். அவள் கையைப் பொத்தி அவன் வாயில் குத்தினாள். அவன் கையைத் தூக்கவில்லை. மறுபடியும் குத்தினாள், மறுபடியும். அவன் உதடு பிளந்து, இரத்தம் சேட்டில் வழிந்தது. உங்கள் மகளை அடக்கமாக வளர்த்தவள் நான். அன்றைக்கு நான் தடுக்கவில்லை. அவள் விரல்மூட்டுத் தோல் உரிந்து, கை ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு சொன்னேன்: “வாற மாதம் திவசம். வந்து, இருக்கிற சனத்துக்கு முன்னால இப்ப சொன்னதைச் சொல்லும்.”

“எனக்குக் குடும்பம் இருக்கு அன்ரி.”

“எனக்கும் இருந்தது.”

“பழைய ஆக்கள் இஞ்சையும் இருக்கிறாங்கள். நான் வாய் திறந்தால் எனக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான் ஆபத்து.”

“என்னை இனி என்ன செய்வினம்? நீர் வந்து சொன்னால் பேப்பரில உம்மட பெயர் வராது. வராட்டில் உம்மட பெயரும் கடைப்பெயரும் வரும்.”

கிடுக்கியிலிருந்து ரிவோல்வரைக் கழற்றிக்கொண்டு போய்த் தோட்டத்துக் குட்டைக்குள் எறிந்தான். அவ்வளவு அசல் நிக்கல். அந்த நேரத்திலும் எனக்கு அது வலித்தது.

திவசத்துக்கு வழக்கம் போலச் சனம் வந்தது. படையல் முடிந்து பந்தி போடும்போது அவன் வந்தான். உதட்டில் தையல் அடையாளம் இருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடு ஹோலில் நின்றான். முதலில் வாய்க்குள் முணுமுணுத்தான். “சத்தமாச் சொல்லும்” என்றேன்.

சொன்னான். நீங்கள் துவக்கைப் பழுதாக்கவில்லை என்று. வேண்டாம் என்று நீங்கள் எச்சரித்ததை மீறித் தானே தோட்டாவைச் சுற்றியது என்று. பழியை உங்கள் மேல் போட்டதும், கையைக் காட்டிச் சுடுவித்ததும் தான்தான் என்று. “அவர் துரோகி இல்லை” என்று முடித்தான். நான் சொல்லிக் கொடுத்த வசனமல்ல அது, அவனே சொன்னது. யாரோ ஒரு பெண் மட்டும் வாய்விட்டு அழுதாள். சாந்தினி அழவில்லை.

சொல்லி முடித்தவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பந்தியின் கடைசியில் இருந்தான். திவச வீட்டிலிருந்து யாரும் சாப்பிடாமல் போகக்கூடாது. அது எங்கள் முறை, அவனுக்கும் தெரியும். சாந்தினி சோற்றுத் தட்டோடு நின்று என்னைப் பார்த்தாள். எங்கள் கலியாணம் நடந்த நாள் முதல் எந்தப் பிச்சைக்காரனையும் நான் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அதற்கு நீங்கள் சாட்சி.

“எழும்பும். உமக்கு இஞ்சை இலை இல்லை” என்றேன்.

எழும்பிப் போனான். சப்பாத்தை வெளியே கொண்டுபோய்த்தான் போட்டான். நாங்கள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். உங்களுக்குப் பிடித்த பாகற்காய்க் குழம்பு. எனக்கு அன்றைக்குப் பசித்தது.

அவனை நான் மன்னிக்கமாட்டேன். வயது போகப்போக மனம் இளகும் என்கிறார்கள். இளகினாலும் மன்னிக்கமாட்டேன். ஆனால் அவன் வந்தான், தன் வாயால் சொன்னான் என்பதையும் மறைக்கமாட்டேன். யார் கேட்டாலும் இரண்டையும் சேர்த்தே சொல்வேன், உள்ளதை உள்ளபடி, கூட்டாமலும் குறைக்காமலும். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் பெண்சாதி,
பத்மாவதி